ஆறாவது வடிகால்

கலிங்கில் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டதும் ஷட்டர்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"குடிச்சிட்டுப் போங்களேன். கலிங்கு எங்கயும் ஓடிடாது," என்றாள் அவர் சம்சாரம்.

"அதை நீ சொல்லாத," என்று செருப்பை மாட்டினார்.

அணை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து இறங்குகிற சரிவுதான் கலிங்கு. அறுபது வருசத்துக் கான்கிரீட். பெரிய பெரிய ஸ்லாப்பாகப் போட்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஏரி மட்டத்திலிருந்து கீழே ஆறு வரைக்கும் இறக்கியிருந்தார்கள். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. தண்ணீர் பாதிக்குத்தான் நின்றது. சரிவு முழுக்கக் காய்ந்து, வெறுங்காலை வைத்தால் தோல் உரிகிற மாதிரி கொதித்துக்கொண்டு கிடந்தது.

ஷட்டர்காரர் வேலையை விட்டு ஆறு வருசம். அதற்கு முன்னால் முப்பத்துநாலு வருசம் அந்த அணையின் ஷட்டர்களை ஏற்றி இறக்கியவர். யாரையும் நம்பமாட்டார். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்த்து, கீழே வைத்து, இன்னொரு தடவை தூக்கிப் பார்ப்பார். கதவைப் பூட்டி நாலு தடவை இழுப்பார்; தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து ஐந்தாவது தடவை இழுப்பார். அவர் மூடிய குழாயை அடுத்த ஆள் இரண்டு கையும் போட்டுத்தான் திறக்க வேண்டும். டாக்டர் எழுதிய மாத்திரையைக் கடைக்காரனிடம் சரியா என்று கேட்பார், கடைக்காரன் கொடுத்ததை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவார். இதை ஒரு குறை என்று யாராவது சொன்னால், முப்பத்துநாலு வருசத்தில் ஒரு ஷட்டர்கூடத் தப்பாகத் திறந்ததில்லை, அது எதனால் என்று நினைக்கிறாய் என்று கேட்பார்.

அவருடைய வீடு ஊழியர் குடியிருப்பில் கடைசி வீடு. அதற்குப் பின்னால் கலிங்கின் இடது பக்கச் சுவர். வீடு இப்போது மகள் பேரில் இருந்தது. அவள் அணையில் அளவு எடுக்கிறவள். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி ஏரி மட்டம் பார்ப்பாள். பிறகு ஒரு வாளியோடு இறங்கி, சுவரில் வரிசையாக இருக்கிற ஐந்து வடிகால் ஓட்டைகளுக்கும் கீழே வாளியைப் பிடித்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவாள். அணைக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும். அது போக வேண்டிய வழிதான் அந்த வடிகால்கள்.

மகளுடைய வீட்டுக்காரன் கொத்தனார். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில்தான் இருந்தான். வீட்டோட மாப்பிள்ளை என்றால் ஊரில் எவனும் மட்டமாகத்தான் பார்ப்பான். ஷட்டர்காரர் ஊரைவிட ஒரு படி மேலே போய்ச் சந்தேகமாகவும் பார்த்தார். இவ்வளவு அமைதியாக ஒரு மனுசன் இருப்பானா? உள்ளே என்னத்தையோ வைத்திருக்கிறான் என்பது அவர் எண்ணம். ஏழு வருசமாக அந்த 'என்னத்தையோ' என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் பலமாகியிருந்தது.

கலிங்கில் தட்டிக்கொண்டிருந்தது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். தொப்பி, ரப்பர் அடி வைத்த ஷூ, இடுப்பில் கயிறு. பழைய அணைகளையெல்லாம் பார்த்து எது தேறும், எது தேறாது என்று எழுதிக் கொடுக்க மேலிடத்தில் இருந்து வந்திருக்கிற இன்ஜினியர் அம்மா என்று கூட நின்ற அணை ஓவர்சியர் சொன்னார். அவள் குனிந்து ஒவ்வொரு ஸ்லாப்பாகத் தட்டினாள். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும். அடியில் பொள்ளல் இருந்தால் காலிப் பெட்டியைத் தட்டின மாதிரி தொப்பென்று சொல்லும். இது ஷட்டர்காரருக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மா எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொண்டே போனாள். பேசாமல் எழுதுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

இடது சுவரை ஒட்டி, மேலிருந்து பதினோராவது ஸ்லாப்பில் சுத்தியல் தொப்பென்றது.

அவள் நாலு பக்கமும் தட்டிப் பார்த்துச் சிவப்புச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். வட்டம் ஒரு கட்டில் அகலம் வந்தது. பிறகு ஒரு இரும்புச் சட்டத்தைப் பக்கத்து ஸ்லாப்புக்கும் இதற்கும் நடுவில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு நூல் தூக்கியிருக்கு," என்றாள்.

எட்டு நூல் சேர்ந்தால் ஒரு அங்குலம். கால் அங்குலம்தானே என்று ஓவர்சியர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மேலிருந்து வெள்ளம் அந்த வேகத்தில் வரும்போது கால் அங்குலம் போதும் என்றாள். தூக்கின விளிம்பில் தண்ணீர் மோதி அடியில் புகுந்தால் ஸ்லாப்பைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகும். ஒன்று போனால் அடுத்தது நிற்காது. சுவர் போகும். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"எங்க வீடு," என்றார் ஷட்டர்காரர்.

அப்போதுதான் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஸ்லாப்பில் யார் வேலை பார்த்தது என்று கேட்டாள். ஓவர்சியர் ஷட்டர்காரர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். மூன்று வருசத்துக்கு முன்னால் இடது வரிசை முழுக்க மேல்பூச்சு பெயர்ந்து, சந்துகளில் தண்ணீர் ஊறிக் கிடந்ததாம். ஒரு காண்டிராக்டர் எடுத்து, மேலே புதுசாகப் போட்டு, சந்துகளையும் அடைத்தாராம். தலைமைக் கொத்தனார் இந்தப் பெரியவரின் மருமகன்.

"அப்போ கூட இருந்து பாத்தீங்களா ஐயா?"

"நான் பாக்காத வேலை இங்க எது?"

பார்த்தது வாஸ்தவம். தினமும் மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒருநாள் சாயங்காலம் தூறல் விழுந்தது. மருமகன் ஈரத்தோடு கலவை போட்டான், நிறுத்தவில்லை. அன்றைக்கே வீட்டில் சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது மூன்று வருசம் கழித்து அது சிவப்பு வட்டமாக வந்து நிற்கிறது. அவருக்குள் ஒரு சின்ன சந்தோசம் வந்தது. அந்த 'என்னத்தையோ' கிடைத்துவிட்டது.

ஓவர்சியர் நேரத்தைத் தவறவிடுகிற ஆள் இல்லை. அணையில் எதற்கும் பொறுப்பு தன் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அன்று மத்தியானமே ஒரு தாளைக் கொண்டுவந்தார். பார்த்ததை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், சம்பிரதாயத்துக்குத்தான் என்றார். ஷட்டர்காரர் ஐந்தாம் கிளாஸ். எழுத்தைக் கல் அடுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக வைப்பார். தூறலில் கலவை போட்டதை நான் கண்ணால் பார்த்தேன், வேலையில் எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். போட்டதைத் திரும்பப் படித்தார். பேனாவை மூடி ஓவர்சியரிடம் கொடுத்தார்.

சாயங்காலம் விசயம் வீட்டுக்கு வந்துவிட்டது. காண்டிராக்டர் மருமகனைக் கூப்பிட்டு, விசாரணை முடிகிற வரைக்கும் எந்த அணையிலும் காலை வைக்காதே, என் பேரையும் எடுக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். அரசாங்க வேலையில் ஒரு தடவை பெயர் கெட்டால் கொத்தனாருக்கு அப்புறம் கோழிக்கூண்டு கட்டக்கூட ஆள் கூப்பிடமாட்டான்.

வீட்டில் சோறு வெந்துகொண்டிருந்தது. மகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர், அது வெங்காயமா வேறெதுவுமா என்று சொல்ல முடியாது. ஷட்டர்காரர் புழக்கடைக்குப் போய்க் கைகால் கழுவினார். சுவரிலிருந்து வருகிற குழாய் அது. எந்தக் கோடையிலும் வற்றாது, தண்ணீர் பானையில் வைத்த மாதிரி ஜில்லென்று இருக்கும். கழுவி முடித்து, அது பித்தளைக் குழாய் என்றும் பாராமல் வழக்கம்போல் இறுக்கி மூடினார். ஒரு சொட்டு விழுந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் அம்மாவுக்குப் போட்டாள், புருசனுக்குப் போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். அவர் தட்டு காலியாக இருந்தது. சம்சாரம் எழுந்து வந்து போட்டாள்.

"ஊர்ல எவனெவனோ மாமனார் இருக்கான்," என்றாள் அவள், கரண்டியைத் தட்டில் தட்டி. "மருமகனுக்கு மோதிரம் போடுவான், வேட்டி எடுப்பான். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நடந்ததைத்தான் எழுதினேன்."

"என்ன நடந்துச்சு?"

"மழையில போட்டான்."

மருமகன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். அவனும் சரி அவரும் சரி நேருக்கு நேர் அதிகம் பேசியதில்லை. அவர் எது சொன்னாலும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார்.

"தூறல் விழுந்தது நிஜந்தான் மாமா. தார்ப்பாய் கட்டித்தான் போட்டேன். நீங்க அதுக்குள்ள நாற்காலியை மடக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டீங்க."

"தார்ப்பாயை நான் பாக்கலையே."

"அதான் சொல்றேன்."

அவன் எழுந்தான். கை கழுவிவிட்டு வந்து தன் கரணை, மட்டப்பலகை, நூல் குண்டு எல்லாவற்றையும் சாக்கில் சுற்றினான். மகள் அலமாரியைத் திறந்து அவன் சட்டைகளை எடுத்தாள். அவற்றோடு தன் சேலை நாலையும் எடுத்து வைத்தாள். எங்கே என்று அம்மா கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அண்ணன் வீட்டுக்கு, அங்கே கட்டிட வேலை கிடைக்கும், நான் இடமாறுதலுக்கு எழுதிப் போடப் போகிறேன் என்றாள். குரலில் கோபமே இல்லை. ஏரி மட்டம் சொல்கிற மாதிரி சொன்னாள். ஷட்டர்காரர் பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளி வைத்தார். இருந்தாலும், இது தன்னைப் பயமுறுத்தப் போடுகிற நாடகமாக இருக்கும் என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

மறுநாள் அந்த அம்மா துளை போடுகிற மிசினோடு இறங்கினாள். வட்டத்துக்கு நடுவில் வைத்து, கைமுட்டி அகலத்துக்குக் கான்கிரீட்டை உருளையாக அறுத்து எடுத்தாள். ஷட்டர்காரர் நாற்காலியோடு போய்ச் சேர்ந்தார். மிசின் அடியைத் தொட்டதும் துளையிலிருந்து தண்ணீர் பீச்சியது. முழங்கால் உயரத்துக்கு. காய்ந்து கிடந்த சரிவில் ஒரு சின்ன ஊற்று எழும்பி, வெயிலில் மினுங்கிக்கொண்டு கீழே ஓடியது.

ஓவர்சியர் பின்வாங்கினார். அந்த அம்மா மட்டும் அப்படியே குந்தி உட்கார்ந்து அறுத்தெடுத்த உருளையைக் கையில் உருட்டிப் பார்த்தாள்.

"மேல் வேலை நல்லா இருக்கே," என்றாள் தனக்குத்தானே.

ஷட்டர்காரருக்கு அது ரசிக்கவில்லை. இவளுக்கும் காண்டிராக்டருக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று யோசித்தார்.

பாதி ஏரிக்கே இவ்வளவு அழுத்தம் என்றால் நிறை ஏரிக்கு என்ன ஆகும் என்று அவள் ஓவர்சியரிடம் சொன்னாள். அடியில் கசிகிற தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை, அதனால் ஸ்லாப்பைத் தூக்குகிறது. முன்பெல்லாம் சந்து வழியாக மேலே ஊறி வெளியேறியிருக்கும். மூன்று வருசத்துக்கு முன்னால் சந்தைச் சுத்தமாக அடைத்தபிறகு அந்த வழியும் போய்விட்டது. அடைத்தது தப்பில்லை, அடைக்கத்தான் வேண்டும். ஆனால் கீழே வடிகால் வேலை செய்திருக்க வேண்டும். பழைய வரைபடத்தை விரித்தாள். இடது சுவரில் ஆறு வடிகால் போட்டிருந்தது. சுவரில் பெயின்டால் நம்பர் போட்டு இருப்பது ஐந்துதான். பதினோராம் ஸ்லாப்புக்கு அடியிலிருந்து வருவது ஆறாவது.

"ஐயா, ஆறாவது எங்க?"

"அஞ்சுதான் இருக்கு."

"படத்துல ஆறு இருக்கே."

"படத்தைப் போட்டவன் ரூம்ல உக்காந்து போட்டிருப்பான். நான் இங்க நாப்பது வருசமா இருக்கேன்."

அவள் படத்தைச் சுருட்டினாள். எழுதிக்கொண்டாள்.

பத்து மணி வாக்கில் ஒரு காரியம் நடந்தது. முழங்கால் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்த ஊற்று மெதுவாகக் கணுக்கால் உயரத்துக்கு இறங்கி, பிறகு துளைக்குள்ளேயே அடங்கிப்போனது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தாள். ஓவர்சியர், சரியாகிவிட்டது போல என்றார். ஷட்டர்காரருக்கு இது என்ன வித்தை என்று எரிச்சல் வந்தது. தண்ணீர் குடிக்க வீட்டுக்குப் போனார். புழக்கடையில் சம்சாரம் போர்வைகளை அலசிக்கொண்டிருந்தாள். குழாய் முழுசாகத் திறந்து தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"ஏய், தொட்டி ரொம்பிடுச்சு, கண்ணு தெரியலையா?"

"உங்க அப்பன் வீட்டுத் தண்ணியா? சுவத்துல இருந்து சும்மா வருது."

அவர் இறுக்கி மூடினார். கலிங்குக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பீடி முடிவதற்குள் துளையிலிருந்து தண்ணீர் மறுபடி எட்டிப்பார்த்தது. முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது.

அவருக்கு உடனே ஒன்றும் உறைக்கவில்லை. மற்றவர்கள் மேல் சந்தேகப்படுகிறவனுக்குத் தன் கை ஞாபகம் கடைசியில்தான் வரும். அந்த அம்மா என்னமோ வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நேரத்தைக் குறித்ததைப் பார்த்தபோதுதான், அவள் எழுதிய இரண்டு நேரமும் எங்கேயோ இடித்தது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சம்சாரம் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். ஷட்டர்காரர் தனியாகப் புழக்கடைக்கு வந்தார். குழாயைத் திறந்தார். தான் காலையில் இறுக்கியதைத் தானே திறக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. திறந்துவிட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு கலிங்குக்கு நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. துளையில் தண்ணீர் இல்லை. திரும்பி வந்து மூடினார். மறுபடி நடந்தார். தண்ணீர் நின்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை செய்ததை நம்புகிற ஆளா அவர்? மூன்று தடவை நடந்தார். மூன்றாவது தடவை திரும்பும்போது வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

புழக்கடையில் உட்கார்ந்து குழாயைப் பார்த்தார். ஒன்பது வருசத்துக்கு முன்னால் குடியிருப்புக்குத் தண்ணீர் வராமல் போன கோடையில், செடி மறைவில் சுவரிலிருந்து ஒழுகுவதைச் சம்சாரம்தான் கண்டுபிடித்தாள். இவர்தான் ஒரு துண்டு இரும்பு பைப்பைச் செருகி, சுற்றி சிமென்ட் அடைத்து, ஷட்டர் அறையில் கிடந்த பித்தளைக் குழாயை மாட்டினார். வீணாகிற தண்ணீரை நிறுத்தினோம் என்று அப்போது எவ்வளவு பெருமை! அந்த நாளில் வடிகால் அளவு எடுத்தவன் வீட்டில் உட்கார்ந்தே நோட்டை நிரப்புகிறவன். அவன் கேட்கவில்லை. பிறகு வந்த மகளுக்கு ஐந்து என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆணி ஒன்றை எடுத்து, பைப்புக்கு மேலே தான் பூசிய சிமென்ட்டைச் சுரண்டினார். ஓடு மாதிரி பெயர்ந்து வந்தது. அடியில் மங்கிப்போன வெள்ளைப் பெயின்ட். வளைந்த ஒரு கோடு. இன்னும் கொஞ்சம் சுரண்டினார். ஆறு.

அவருக்கு வந்த முதல் யோசனை நல்ல யோசனை இல்லை. குழாயைக் கழற்றிவிட வேண்டியது. பைப்பையும் பிடுங்கி ஏரியில் போட்டுவிட வேண்டியது. தண்ணீர் அதுபாட்டுக்குப் போகும், ஸ்லாப்பும் பிழைக்கும், வீடும் பிழைக்கும். செடிக்குள் இருந்தது, கவனிக்கவில்லை என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? காகிதம் எழுதினது எழுதினதாக இருக்கட்டும். மருமகன் எங்காவது கட்டிட வேலை பார்த்துக்கொள்வான், கையில் தொழில் இருக்கிறது. ஸ்பேனரை எடுத்து வைத்துத் திருகினார். குழாய் அசையவில்லை. ஒன்பது வருசத்துத் துருவும் மாட்டும்போது அவர் கொடுத்த இறுக்கமும் சேர்ந்து மரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது. ஸ்பேனரை வைத்துவிட்டார். குழாயை மட்டும் முழுசாகத் திறந்துவிட்டுத் திண்டில் சாய்ந்தார்.

மகள் சாப்பிட வந்தாள். கை கழுவப் புழக்கடைக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்து, தரையெல்லாம் ஓடி, செடிப்பாத்தி முழுகிக் கிடந்தது. பக்கத்திலேயே அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார், எழுந்து மூடாமல்.

அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தாள். ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, என்னப்பா பண்ணுது? குழாய் ஏன் திறந்திருக்கு?"

முந்தின ராத்திரியிலிருந்து அவரிடம் பேசுவதில்லை என்று இருந்தவள். குழாய் திறந்திருந்தால் தன் உயிர் போய்விட்டதென்று நினைக்கிற அளவுக்கு இவளுக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது என்று ஷட்டர்காரர் நினைத்தார். வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் கண் அவர் முகத்திலிருந்து சுவருக்குப் போனது. பெயர்ந்த சிமென்ட்டும் ஆணியும் தெரிந்தது. பிறகு நம்பர் தெரிந்தது. தினமும் ஐந்து ஓட்டைக்கு வாளி பிடிக்கிறவள். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.



"மூடினது யாரு?" என்றாள்.

"யாரு மூடுவா இந்த வீட்டுல?"

"காலையில அந்தம்மா கேட்டப்போ அஞ்சுதான்னு சொன்னீங்களாமே."

"அப்போ எனக்கே தெரியாது. இப்போதான் தெரியும்."

அவள் அதை நம்பினாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்பாவிட்டாலும் குறை சொல்வதற்கில்லை. அவள் எழுந்து நின்று சேலையைப் பிழிந்தாள். நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு என்றார்.

மருமகன் வந்து பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, எப்போதும் போல. ஷட்டர்காரர் முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தான் மூடி வெச்சேன். மேல உன் வேலையில ஒண்ணும் இல்ல. இந்தக் குழாயைக் கழட்டணும், எனக்குக் கை வரலை."

அவன் ஸ்பேனரைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான்.

"இப்போ கழட்ட வேணாம் மாமா. அந்தம்மா வந்து பாக்கட்டும். நாம கழட்டிட்டோம்னா, ரெண்டு பேரும் சேந்து மறைச்சோம்னு சொல்லுவாங்க."

சந்தேகத்தில் இவன் நமக்கு மேலே இருப்பான் போலிருக்கிறதே என்று ஷட்டர்காரருக்குத் தோன்றியது. அந்த நிமிசத்தில் அவருக்கு அவனைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

கலிங்கில் ஓவர்சியரும் அந்த அம்மாவும் துளையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தது. ஷட்டர்காரர் செருப்பைக் கழற்றாமல் சரிவில் இறங்கினார்.

"அம்மா, ஆறாவது எங்க வீட்டுப் புழக்கடையில இருக்கு."

ஓவர்சியர் முந்திக்கொண்டு, வெயிலில் நடந்து பெரியவருக்குத் தலை சுற்றுகிறது என்றார். அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"யார் அதுல குழாய் போட்டது?"

"நான்."

"எப்போதும் மூடியே இருக்குமா?"

"நான் இருக்கிற வரைக்கும் மூடித்தான் இருக்கும். எழுதிக்கங்க. அந்தக் காகிதத்தையும் என்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க."

காகிதத்தை ஓவர்சியர் கொடுக்கவில்லை. மேலே அனுப்பியாயிற்று என்றார், அது பொய்யாகத்தான் இருக்கும். அந்த அம்மா தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். இதில் நடந்ததை எழுதுங்கள், இது எந்த நாளில் எழுதியது என்று நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். ஷட்டர்காரர் நாற்காலியை எழுதுபலகை ஆக்கிக்கொண்டு, வெயிலில் குந்தி, முக்கால் மணி நேரம் எழுதினார். வடிகாலில் குழாய் மாட்டியது நான். தினம் மூடியது நான். என் மருமகன் தார்ப்பாய் கட்டியதை நான் பார்க்கவில்லை, பார்க்காததைப் பார்த்ததுபோல் முதல் காகிதத்தில் எழுதிவிட்டேன். அரசாங்கச் சுவரில் கை வைத்ததற்கு வீட்டையே காலி பண்ணச் சொன்னாலும் சொல்வார்கள் என்று ஓவர்சியர் காதில் ஓதினார். எழுதுகிற கை ஒரு கணம் நின்றது.

"காலி பண்ணச் சொன்னா பண்ணிக்கிறோம்," என்றாள் மகள் மேலிருந்து. சுவர் ஓரமாக வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். "அவர் எழுதட்டும். நீங்க நடுவுல பேசாதீங்க."

குழாயைக் கழற்ற மருமகனும் அவரும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. ஸ்பேனருக்கு ஒரு நீளப் பைப்பைச் செருகி இரண்டு பேரும் தொங்கினார்கள். நீங்க இறுக்கினதா மாமா, இல்ல வெல்டிங் வெச்சதா என்று மருமகன் கேட்டான். அவன் ஜோக் அடிப்பான் என்பதே ஷட்டர்காரருக்கு அன்றுதான் தெரியும். மரை கிறீச்சென்று இளகியது. கலங்கலாகக் கொஞ்ச நேரம் மண் வந்தது. ஸ்லாப்புக்கு அடியிலிருந்து அரித்துக்கொண்டு வந்த மண். அந்த அம்மா அதை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். பிறகு தெளிந்து, விரல் தடிமனில் நிற்காமல் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் ஊருக்குப் போகவில்லை. சேலைகள் மறுபடி அலமாரிக்குப் போயின. யார் எடுத்து வைத்தார்கள் என்று யாரும் பேசவில்லை.

அடி அரித்துவிட்டதால் பதினோராம் ஸ்லாப்பை உடைத்துப் புதுசாகப் போட வேண்டும், அதுவரைக்கும் ஏரியை முழுசாக ஏற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. உடைக்கிற வேலையை அந்தக் காண்டிராக்டரே மருமகனைக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஷட்டர்காரர் நாற்காலியோடு போனார். அரை நாளில் முடியும் என்று நினைத்த வேலை இரண்டு நாள் இழுத்தது. கடப்பாரை நெம்பி நெம்பிப் பார்த்துத் துள்ளியது. உடைந்த துண்டு ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். ஜல்லி ஒன்றோடொன்று பல் மாதிரி பொருந்தியிருந்தது. கூழாங்கல்லால் தட்டினார். கணீரென்றது. இன்னொரு துண்டை எடுத்துத் தட்டினார். அதுவும் கணீரென்றது. எத்தனை துண்டு தட்டினார் என்று கணக்கு இல்லை. மருமகன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தான்.

வீட்டைப் பற்றி விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வந்தது. பதில் போயிருக்கிறது. இன்னும் முடிவு தெரியாது.

சாயங்காலம் கை கழுவப் போனால் ஷட்டர்காரரின் வலது கை தன்னால் பைப்பின் நுனிக்குப் போகிறது. அங்கே திருக ஒன்றும் இல்லை. தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து வழிந்துபோகிறது. சம்சாரம் அதைப் பார்த்துவிட்டு, பீடியைப் பிடிங்க, கைக்கு ஒரு வேலை இருக்கும் என்கிறாள். ராத்திரி அந்தச் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் பிடிக்கப் பத்து நாள் ஆனது.

இப்போது மகள் காலையில் ஐந்து வடிகாலும் முடித்துவிட்டுக் கடைசியாகப் புழக்கடைக்கு வருகிறாள். முதல் நாள் வாளியை அவரிடம் கொடுத்தாள். அவர் பைப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். வாளி விளிம்பு தொட்டது.

"நாப்பத்தொண்ணு," என்றார்.

மகள் பேனாவைத் திறந்தாள். நோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கைக்கடிகாரத்தை எடுத்தாள்.

"கொட்டிட்டு இன்னொரு தடவை பிடிங்கப்பா. நானும் பாக்குறேன்."

அவர் வாளியைக் கவிழ்த்தார்.